இறகு கொட்டுற சமயத்துல பந்தயப் புறாவுக்குத் தீனியை நிறுத்தலாமா?

கேள்வி, ஜூலை 3

ஹோமர் (எங்க விட்டாலும் வீடு திரும்புற பந்தயப் புறா) வளர்க்க ஆரம்பிச்சு இது ரெண்டாவது வருசம். ஒரு வாரமா கூண்டுத் தரை பூரா இறகு. ஒரு ஆண் புறாவைப் பிடிச்சு இறக்கையை விரிச்சுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல சந்து விழுந்திருக்கு. நோயா இது? பழைய ஆள் ஒருத்தர், "மூணு நாள் தீனியை நிறுத்து, எல்லாம் ஒரேயடியா கொட்டிடும், புதுசு சீக்கிரம் வந்துரும்"னு சொல்றார். செய்யலாமா?

ஜூலை 3, ராத்திரி

நிறுத்தாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல தீனியை வைங்க.

நோய் இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல சந்துன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுதான் அத்தாட்சி. நோயிலயோ அடிபட்டோ விழுந்தா இடமும் வலமும் இப்படிப் பொருந்தாது. ஒரு இறக்கையில பெரிய இறகு பத்து, அதுக்கு உள்பக்கம் உடம்பை ஒட்டி பன்னிரண்டு. வால்ல பன்னிரண்டு. பெரிய பத்துல, இறக்கையோட நடுவுல உள் இறகை ஒட்டி இருக்கிற முதல் இறகுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா ஒண்ணொண்ணா விழும். ஒண்ணு விழுந்து, புதுசு பாதி வளர்ந்து வரும்போது அடுத்தது விழும். அதனாலதான் கொட்டுற காலத்துலயும் புறாவால பறக்க முடியுது. பத்தும் முடிய ஏறக்குறைய ஆறு மாசம் பிடிக்கும். ஒரு இறகு முழுசா வளர மூணு நாலு வாரம்.

எத்தனாவது இறகு விழுந்திருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. எச்சம் எப்படி இருக்கு, தண்ணி வழக்கத்தை விட அதிகமா குடிக்குதா, அதையும்.

ஜூலை 4

நாலாவதுன்னு சொல்லியிருக்கார். எச்சம் கெட்டியா, மேல வெள்ளைத் தொப்பியோட இருக்காம். அப்போ சுகமா இருக்கு.

இன்னொருத்தர் "எந்தப் பக்கத்துல இருந்து எண்றது"ன்னு கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. இறக்கையை விரிச்சா பெரிய இறகும் உள் இறகும் சந்திக்கிற இடத்துல அமைப்பு மாறும், நீளமும் திசையும் வேற மாதிரி இருக்கும். அங்க இருந்து வெளிய எண்ணணும். உடம்பை ஒட்டினது கணக்குல வராது. கடைசி விளிம்புல இருக்கிறது பத்தாவது.

ஜூலை 4, மதியம்

பட்டினி விசயத்தை ஒரு வரியில விட்டுட்டேன். அது போதாது.

நான் செஞ்சிருக்கேன். வளர்க்க ஆரம்பிச்ச புதுசுல எனக்கும் ஒருத்தர் இதே யோசனையைச் சொன்னார். ரெண்டு நாள் தீனி வைக்கல, தண்ணி மட்டும். அவர் சொன்ன மாதிரியே இறகு கொட்டுச்சு, கூடை கூடையா. எனக்கு அப்போ சந்தோசம்தான். புது இறகு வந்து, உறை உதிர்ந்து விரிஞ்ச பிறகு பார்த்தேன். ஆறாவது இறகுல குறுக்கே ஒரு கோடு. நகத்தால கீறின மாதிரி மெல்லிசு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அந்த இடத்துல மட்டும் இறகு இழை இல்லாம கண்ணாடியா தெரியுது. விரலை ஓட்டினா நடுத்தண்டுலயும் ஒரு பள்ளம் தட்டுப்படுது.

அடுத்த பந்தய சீசன்ல மூணாவது வாரம் அந்தப் புறா வீடு வந்து சேர்ந்தப்போ ஆறாவது இறகு சரியா அந்தக் கோட்டுல ஒடிஞ்சிருந்துச்சு. ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான். தண்டு தோலுக்குள்ள இருக்கிற வரைக்கும் புதுசு முளைக்காது. அடுத்த தடவை கொட்டுற வரைக்கும் அந்தச் சந்தோட பறந்துச்சு. நல்ல புறா அது. ரெண்டு நாள் தீனி மிச்சம் பிடிச்சு ஒரு வருசத்தைக் கெடுத்தேன். இன்னைக்கும் மனசு ஆறல.

ஜூலை 5

கேள்வி கேட்டவர் இப்போதான் சொல்றார், கேக்கறதுக்கு முந்தின நாள், 2ஆம் தேதி, ஒரு நாள் பூரா தீனி வைக்கலையாம். பரவாயில்ல தம்பி, ஒரு நாள்தான். ஆனா அந்தத் தேதியை எங்கயாவது எழுதி வைங்க. காரணத்தை அப்புறம் சொல்றேன்.

ஜூலை 9

தீனி. இதைத்தான் எல்லாரும் கேக்கறீங்க.

இறகுங்கிறது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். நம்ம நகம் மாதிரி இதுவும் ஒரு வகைக் கெரட்டின். உடம்பு பூரா இருக்கிற இறகை ஒரு வருசத்துல புதுசா நெய்யணும்னா எவ்வளவு புரதம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால பட்டாணியை நிறைய சேருங்க. நான் இந்த மாசங்கள்ல மூணுல ஒரு பங்கு பட்டாணி வகை வைப்பேன். மிச்சம் மக்காச்சோளம், கோதுமை, கொஞ்சம் பார்லி. சீசன்ல எடை ஏறக் கூடாதுன்னு அளந்து போட்டோமே, அந்தப் பழக்கத்தை இப்போ விட்டுடணும். வயிறு நிறைய சாப்பிடட்டும். பார்லி மட்டும் மிஞ்சுதுன்னா போதுமான அளவு சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். பார்லியை எப்பவும் கடைசியாத்தான் தொடும்.

தண்ணி தினம் மாத்தணும். கிரிட் (தீனி அரைபடறதுக்குப் புறா முழுங்குற பொடிக்கல்) தினம் புதுசா ஒரு பிடி, ஈரமும் தூசும் ஏறினதைத் தொடவே தொடாது.

ஜூலை 11

மேல எழுதினதுல ஒரு தப்பு. "பட்டாணி நிறைய"ன்னு மட்டும் எழுதி நிறுத்திட்டேன். அதைப் படிச்சுட்டு ஒருத்தர் பாதிக்குப் பாதி பட்டாணி போட ஆரம்பிச்சுட்டார், எச்சம் இளகுதுன்னு கேக்கறார்.

புரதம்னு பொதுவா சொன்னா போதாது. இறகுக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேணும், மெத்தியோனின், சிஸ்டின் ரெண்டும். பட்டாணியில லைசின் தாராளமா இருக்கு, மெத்தியோனின்தான் குறைச்சல். தானியத்துலயும் எண்ணெய் வித்துலயும் அது கொஞ்சம் கூடுதல். எள், சூரியகாந்தி ரெண்டும் அதுல நல்லது. அதனால பட்டாணியை ஏத்திக்கிட்டே போறதுல பயன் இல்ல. உடம்பால பயன்படுத்த முடியாத புரதம் கழிவா வெளிய போகும், தண்ணி அதிகமா குடிக்கும், எச்சம் இளகும். அவர் பார்த்தது அதுதான்.

நான் வைக்கிறதே பட்டாணி, தானியம், கூட எண்ணெய் வித்து ஒரு பிடி: சூரியகாந்தி, குசும்பா, ஆளி விதை. பழக்கத்துல கை தானா செய்யுறதால எழுத விட்டுப்போச்சு. ஆளி விதை கொடுத்தா இறகு பளபளக்கும், தொட்டா பட்டு மாதிரி இருக்கும். ஆனா சிட்டிகைதான். எண்ணெய் வித்தை அள்ளிப் போட்டா அதை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு பட்டாணியை ஒதுக்கிடும், கொழுப்பும் ஏறும். வாரம் ரெண்டு தடவை தீனியில ஈஸ்ட் தூள் தூவுவேன், அதுல பி வைட்டமினும் இருக்கு. தூள் ஒட்டறதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசறணும்.

பாதிக்குப் பாதி போட்டவர் மூணுல ஒண்ணாக் குறைங்க, நாலு நாள்ல எச்சம் கெட்டியாகலைன்னா காரணம் வேற, டாக்டரைப் பாருங்க.

ஜூலை 20

இன்னைக்கு ஒரு கஷ்டமான விசயம். என் கூண்டுல ஒரு பொட்டை. தீனி வைக்கப் போனவன் கதவை வேகமா திறந்துட்டேன், பறந்து தட்டுல மோதிடுச்சு. அஞ்சாவது இறகு பாதி முளைச்ச நிலையில இருந்துச்சு, ரத்த இறகுன்னு சொல்வோமே, அது. உள்ள ரத்தம் ஓடுறதால தண்டு கருநீலமா இருக்கும், பென்சில் மாதிரி உருண்டு, தொட்டா சூடு தெரியும். அது நடுவுல ஒடிஞ்சு சொட்டுச் சொட்டா ரத்தம். சுவர்ல, தட்டுல, மத்த புறா மேல எல்லாம் தெறிச்சு, பார்க்கவே முடியல.

பதறாம புறாவை மார்போட அணைச்சுப் பிடிச்சு, ஒடிஞ்ச இடத்துல சோளமாவைப் போட்டு விரலால அழுத்திட்டு உக்காந்தேன். பத்து நிமிசம். அழுத்தின கையை நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, அதுதான் முக்கியம். நின்னுடுச்சு. தனிக் கூண்டுல இருட்டா வச்சிருக்கேன்.

பிடுங்கிடலாமான்னு கேப்பீங்க. ரத்தம் நிக்கலைன்னா பிடுங்கறவங்க உண்டு. நான் கூடிய வரைக்கும் பிடுங்க மாட்டேன். முளைக்கிற குழியே கிழிஞ்சுட்டா அதுக்கப்புறம் அந்த இடத்துல இறகு கோணலா வரும், இல்ல வராமலே போகும். அரை மணி நேரம் அழுத்தியும் நிக்கலைன்னா பறவை பார்க்கிற டாக்டர்கிட்ட ஓடுங்க.

தப்பு என் கையில. இந்த மாசங்கள்ல கூண்டுக்குள்ள போறப்போ பேசிக்கிட்டே மெதுவா போகணும்னு எல்லாருக்கும் சொல்றவன் நான்.

ஜூலை 21

பொட்டை சாப்பிடுது.

ஆகஸ்ட் 2

குடற்புழு மருந்து பத்திக் கேட்டவருக்கு: கொட்டுற காலத்துல வேண்டாம். குறிப்பா ஃபென்பெண்டசோல், ஆல்பெண்டசோல். ஆடு மாட்டுக்குக் கொடுக்கிறதுதானே, புறாவுக்கு என்ன ஆகப் போகுதுன்னு நினைக்காதீங்க. புறாவுக்கு இந்த ரெண்டும் நஞ்சாகலாம், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும், அளவு கூடினா சாகும். வளர்ற இறகு சுருண்டும் குறுகியும் வரும். ஒரு தீனிக்கடையில "எல்லாப் பறவைக்கும் ஆகும்"னு கொடுத்ததை நம்பி ஒரு வருசம் ஆகஸ்ட்ல போட்டேன். நாலு புறாவுக்கு ஏழாவதும் எட்டாவதும் வாழை நார் மாதிரி திரிஞ்சு வந்துச்சு. அந்த நாலும் அடுத்த சீசன் பூரா கூண்டை விட்டு வெளிய போகல.

முதல்ல எச்சத்தைக் கொண்டு போய் பரிசோதனை பண்ணுங்க. புழு இருக்கான்னே தெரியாம மருந்து எதுக்கு? இருந்துச்சுன்னா எந்த மருந்து, எத்தனை, எப்போங்கிறதை டாக்டர் சொல்லட்டும், புறா இறகு கொட்டிட்டு இருக்குங்கிறதை மறக்காம அவர்கிட்ட சொல்லுங்க. இதெல்லாம் கொட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பார்த்து முடிச்சிருக்க வேண்டிய வேலை.

ஆகஸ்ட் 5

குளியல்: வாரம் ரெண்டு தடவை, காலையில, வெயில் இருக்கிற நாள்ல. சாயங்காலம் ஈரத்தோட அடையப் போகக் கூடாது. குளிச்ச தண்ணி மேல வெள்ளையா மாவு படிஞ்சு நின்னா அது அழுக்கு இல்ல, இறகுல இருந்து உதிர்ற பொடி. சுகமா இருக்கிற புறாகிட்ட அது நிறைய இருக்கும். தண்ணி தெளிவா அப்படியே கிடந்தா நான் அந்தப் புறாவை ஒரு தடவை பிடிச்சுப் பார்ப்பேன்.

பிடிச்சா அப்படியே இறக்கையை விரிச்சு வெளிச்சத்துக்குக் காட்டுங்க. இறகு இழைக்கு நடுவுல நீளமா, மெல்லிசா, ஊசி மாதிரி பேன் ஒளிஞ்சிருக்கும். இழையோட போக்குலயே படுத்துக்கிறதால தெரியாம போயிடும்.

ஆகஸ்ட் 23

ஆணையும் பொட்டையையும் பிரிச்சாச்சா? பிரிக்கலைன்னா இன்னைக்கே பிரிங்க. அடை உக்காந்திருந்தா முட்டையை எடுத்துடுங்க. குஞ்சுக்குப் பால் (புறாவோட தொண்டைப் பையில ஊறுறது) சுரக்கவும் இறகு நெய்யவும் ஒரே உடம்பு, ஒரே தீனி. ரெண்டும் ஒண்ணா நடந்தா குஞ்சும் நோஞ்சானா வரும், இறகும் சோடையாகும்.

ஆனா ஒரு விசயம் யோசிக்க வேண்டியது. கொட்டுறதை ஆரம்பிச்சு வைக்கிறதே ஜோடி சேர்றதுதான். பெரும்பாலும் ரெண்டாவது ஈட்டு முட்டையில உக்காந்திருக்கும்போதுதான் முதல் இறகு விழும். பந்தய சீசன்ல ஆணைத் தனியா வச்சு ஓட்டறவங்களுக்கு இறக்கை ரொம்ப நாள் முழுசா இருக்கும், காரணம் இதுதான். சீசன் முடிஞ்சதும் அவங்க ஒரு ஈடு அடை வைப்பாங்க, கொட்டல் பிடிக்கட்டும்னு. அது சரிதான். அதுக்கு மேல இழுக்கக் கூடாதுங்கிறதுதான் என் பேச்சு.

இளம் புறாவை இருட்டுல வைக்கிற முறை பத்தி ரெண்டு பேர் இங்க மோதிக்கிட்டிருக்காங்க. அந்த முறை வேலை செய்யுது, அதுல சந்தேகமே இல்ல. தாய்கிட்ட இருந்து பிரிச்சதுல இருந்து, வருசத்துலயே பகல் நீளமா இருக்கிற நாள் நெருங்கற வரைக்கும், நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் மட்டும் வெளிச்சம் காட்டினா உடம்பு இறகு மாறும், இறக்கையில பெரிய இறகு விழாம நிக்கும், பந்தயத்துக்கு முழு இறக்கையோட போகும். நான் ஒரு வருசம் செஞ்சேன். அப்புறம் தொடரல, நிறுத்திட்டேன். ஏன்னா நிறுத்தி வச்சதெல்லாம் சீசன் முடிஞ்சதும் மொத்தமா கொட்டுது. ஏழெட்டு இறகு அடுத்தடுத்து. அந்த நேரத்துல தீனியிலயோ காத்துலயோ ஒரு குறை வந்தா எல்லா இறகுலயும் அது பதியும். கூண்டுல நாள் பூரா ஆள் இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படும். எனக்குச் சரிப்படல.

செப்டம்பர் 14

இப்போதான் உச்சம். ஏழு எட்டுல நிக்கும், கழுத்து மொட்டையா, தலை முள்ளம்பன்றி மாதிரி. உள் இறகும் விழ ஆரம்பிச்சிருக்கும். அது பன்னிரண்டும் ஒரே வருசத்துல மாறணும்னு இல்ல, இளம் புறாவுக்கு முதல் வருசம் ஒண்ணு ரெண்டோட நின்னுடும், பயப்படாதீங்க. வால்ல ஒரு விசேஷம் உண்டு. நடுவுல இருக்கிற ஜோடிக்குப் பக்கத்துல இருக்கிறது முதல்ல விழும், அப்புறம்தான் நடு ஜோடி. வெளி விளிம்புக்கு அடுத்து உள்ள இருக்கிறது கடைசியா விழும். ஏன் இப்படின்னு பார்த்தா, எப்பவும் வால்ல பாதியாவது தாங்கி நிக்குது.

புறா சோர்ந்து உக்காந்திருக்கு, பறக்கவே பிடிக்கலைன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. பறக்க விரும்பலைன்னா விடுங்க. முளைக்கிற இறகுல எதாவது பட்டா அதுக்கு வலிக்கும். கொடியை ஆட்டித் துரத்தாதீங்க. சாப்பிடுதா, எச்சம் சரியா, கண்ணு தெளிவா இருக்கா, அது போதும்.

இப்போ, ஜூலையில தேதி எழுதி வைக்கச் சொன்னேனே, அதுக்கு வரேன்.

புது இறகு ஒண்ணை எடுத்துச் சாய்வா வெளிச்சத்துல பிடிங்க. குறுக்கே மங்கலா கருப்பும் வெளுப்பும் மாறி மாறி அலை மாதிரி தெரியும். ஒரு கருப்பு, ஒரு வெளுப்பு சேர்ந்தா ஒரு நாள் வளர்ச்சி. 1989ல தாமஸ் க்ரப்ங்கிற அமெரிக்கப் பறவை ஆராய்ச்சியாளர் இந்தப் பட்டையை அளந்து பறவை எப்படிச் சாப்பிட்டிருக்குன்னு கணிக்கிற முறையையே எழுதினார். நுனிதான் முதல்ல வளர்ந்தது, காம்பு கடைசியா. அதனால நுனியில இருந்து எண்ணிக்கிட்டே வந்தா பஞ்சக் கோடு (என் புறாவோட ஆறாவது இறகுல இருந்துச்சே, அந்த மாதிரிக் குறுக்குக் கோடு) எந்த நாள்ல விழுந்ததுன்னு கண்டுபிடிச்சிரலாம்.

இன்னொண்ணு. இறகு ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா வளர்றதால, ஒரே நாள்ல விழுந்த கோடு பக்கத்துப் பக்கத்து இறகுல வேற வேற உயரத்துல நிக்கும். முன்னாடி வளர்ந்ததுல காம்புப் பக்கம், பின்னாடி வளர்ந்ததுல நுனிப் பக்கம், படிக்கட்டு மாதிரி. கோடு எல்லா இறகுலயும் ஒரே நேர்கோட்டுல ஓடினா அது கொட்டுற காலத்துல வந்தது இல்ல. குஞ்சா இருக்கும்போது கூட்டுல வந்தது, ஏன்னா குஞ்சுக்கு எல்லா இறகும் ஒரே சமயத்துல வளருது. இளம் புறா வாங்கப் போறப்போ நான் முதல்ல வாலை விரிச்சுப் பார்க்கிறது இதுக்காகத்தான். நேர்கோடு இருந்தா தாய் தகப்பன் ஊட்டாம விட்ட நாள் ஒண்ணு இருந்திருக்கு.

செப்டம்பர் 15

"எல்லாக் கோடும் பட்டினியாலதானா?" இல்ல. மேல எழுதினது அப்படித் தொனிச்சிருந்தா திருத்திக்கறேன். ராத்திரி பூனை வந்து கலைச்சது, முரட்டுத்தனமா பிடிச்சது, காய்ச்சல், எதுவா இருந்தாலும் கோடு விழலாம். நாளைத்தான் இறகு சொல்லும், காரணத்தை நாமதான் தேடணும். அதுக்குத்தான் நோட்டுல தினம் ஒரு வரி எழுதறது.

அக்டோபர் 30

பத்தாவது விழுந்தாச்சுன்னு சந்தோசமா எழுதியிருக்கார் தம்பி. பயிற்சிக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. கடைசி ரெண்டுதான் நீளம், அது வளர மத்ததை விட நாள் பிடிக்கும் (ஜூலையில எல்லாத்துக்கும் மூணு நாலு வாரம்னு பொதுவா எழுதிட்டேன், இதுக்கு இன்னும் சில நாள் சேர்த்துக்கோங்க). இறக்கையைத் தூக்கி அடியில பாருங்க. காம்போட அடி வெள்ளையா, காய்ஞ்சு, உறை இல்லாம இருந்தா முடிஞ்சது. நீலம் துளி தெரிஞ்சாலும் காத்திருங்க.

நவம்பர் 27

என் பொட்டைக்கு, ஜூலையில ரத்த இறகு ஒடிஞ்சதே, அஞ்சாவது இறகு பாதித் தண்டாவே நிக்குது. மத்தது எல்லாம் மாறி, கழுத்து பச்சையும் ஊதாவுமா மின்னுது. இந்த சீசன் அதை அனுப்ப மாட்டேன். நல்ல ஆணோட ஜோடி போட்டு வைக்கலாம்னு இருக்கேன்.

ஜூன் 19

இந்தப் பேச்சு இழையை மறுபடியும் மேல கொண்டு வரேன். தம்பி படம் போட்டிருக்கார். அதே ஆணோட மூணாவது இறகு, நேத்து தரையில விழுந்தது. நடுவுல சன்னமா ஒரு கோடு. நாலாவது இன்னும் இறக்கையில இருக்கு, அதுல கோடு நுனிக்குக் கொஞ்சம் கீழ. போன ஜூலை 2ஆம் தேதி அது நாலாவதை உதிர்த்திருந்த சமயம். மூணாவது அப்போ பாதி வளர்ந்திருக்கும். கோடு நடுவுல விழுந்தது பொருந்துது. நாலாவது அப்போதான் முளைவிட ஆரம்பிச்சது, அதனால நுனிப் பக்கம். சீசன் பூரா ஓடியும் ரெண்டும் ஒடியல, கோடு அவ்வளவு ஆழம் இல்ல. ஒரு நாளோட நிறுத்தினதால தப்பிச்சது.

"நாலாவதைப் பிடுங்கிடவா, கோடு இல்லாம புதுசா வரட்டும்"னு கேக்கறார். வேண்டாம். மூணாவது விழுந்தாச்சு, இன்னும் பத்து நாள்ல அது தானா விழும். என் பொட்டையோட அரைத் தண்டும் போன வாரம்தான் உதிர்ந்துச்சு. அந்த இடத்துல இன்னைக்குக் காலையில நீலமா ஒரு முளை எட்டிப் பார்க்குது, கோணல் இல்ல, நேரா.